குளிர்பதனப் பெட்டியின் பாதி மட்டும் பழுதாகுமா?

அலமாரியைப்போல் அருகருகே இரண்டு நெடிய கதவுகள் கொண்ட குளிர்பதனப் பெட்டியை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடைகளில் இதனை ‘சைடு பை சைடு’ என்பார்கள். இடப்புறக் கதவுக்குள் உறைபகுதி. பனிக்கட்டியும் ஐஸ்கிரீமும் அங்கே இருக்கும். வலப்புறக் கதவுக்குள் குளிர்பகுதி. பால், தயிர், காய்கறி, தோசை மாவு எல்லாம் அங்கே. ஒரு நாள் காலையில் திறந்து பார்க்கிறோம். இடப்புறத்தில் ஐஸ்கிரீம் கல்லாக இறுகிக் கிடக்கிறது. வலப்புறத்திலோ பால் திரிந்துவிட்டது. மாவு பொங்கி வழிந்திருக்கிறது. ஒரே பெட்டி, ஒரே மின்கம்பி. பாதி மட்டும் எப்படிப் பழுதாகும்?

“கேஸ் போய்விட்டது” என்பதுதான் இதற்கு நம் ஊரில் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில். அதைச் சரிசெய்யச் சில ஆயிரம் ரூபாய் ஆகும். அந்தப் பதில் சரியா, தவறா என்று சோதித்துப் பார்க்க உங்கள் பள்ளி இயற்பியலே போதும். எப்படி என்று காண்போம்.

வெப்பம் செல்லும் வழி

குளிர் என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. வெப்பம் குறைந்த நிலையையே குளிர் என்கிறோம். ஆகவே குளிர்பதனப் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பது போன்ற வேலை இது. வெப்பம் தானாகக் குளிர்ந்த இடத்திலிருந்து சூடான இடத்துக்குச் செல்லாது, இறைக்கத்தான் வேண்டும். இறைப்பதற்கு வாளியாகப் பயன்படுவது எளிதில் ஆவியாகும் ஒரு திரவம். இப்போது வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் ஐசோபியூட்டேன் என்னும் பொருளே இருக்கிறது. பெட்டியில் ஒட்டியுள்ள தகட்டில் ‘ஆர்600ஏ’ என்று எழுதியிருந்தால் அது இதுதான். சாதாரணக் காற்றழுத்தத்தில் இது −11.7° செல்சியஸில் கொதிக்கும். அழுத்தத்தை இன்னும் குறைத்தால் −25° அளவிலேயே கொதிக்கும். கொதிப்பதற்கு வேண்டிய உள்ளுறை வெப்பத்தை அது சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. பிறகு கம்ப்ரசர் அந்த ஆவியை உறிஞ்சி அமுக்குகிறது. அமுக்கப்பட்டுச் சூடான ஆவி, வெளிப்புறச் சுருளில் தன் வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு மீண்டும் திரவமாகிறது. ஒரு நுண்குழாய் வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. இந்தச் சுற்று ஓயாமல் நடக்கிறது.

இனித்தான் சைடு பை சைடு பெட்டியின் தனித்தன்மை வருகிறது. பெரும்பாலான பெட்டிகளில் திரவம் கொதிக்கும் குளிர்ச்சுருள் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது உறைபகுதியின் பின்சுவருக்குள் ஒளிந்திருக்கிறது. வலப்புறத்தில் சுருள் எதுவும் கிடையாது! சுருளின் மேல் ஒரு விசிறி சுழன்று, குளிர்ந்த காற்றை உறைபகுதிக்குள் வீசுகிறது. இரு பகுதிகளுக்கும் இடையிலுள்ள தடுப்புச் சுவரின் மேற்பகுதியில் ஒரு சிறு சாளரம் உண்டு. அதில் ‘டாம்ப்பர்’ என்னும் மடல் திறந்து மூடும். உறைபகுதிக் காற்றில் ஒரு பங்கு அதன் வழியாக வலப்புறம் சென்று, பாலையும் காய்கறியையும் குளிர்வித்துவிட்டுக் கீழே உள்ள திறப்பு வழியாகச் சுருளுக்குத் திரும்புகிறது. விலை கூடிய சில பெட்டிகளில் இரு பகுதிக்கும் தனித்தனிச் சுருள்கள் உள்ளன. உங்கள் வீட்டுப் பெட்டி எந்த வகை என்பதை அதனுடன் வந்த குறிப்பேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆகவே வலப்புறம் வாழ்வது இடப்புறத்தின் தயவில். ‘பாதி பழுது’ என்ற புதிருக்கு விடை இங்கே பாதி கிடைத்துவிட்டது. சுருளில் குளிர் இருக்கிறது. அதைச் சுமந்துவரும் காற்றுதான் வரவில்லை.

முதலில் அளவு, பிறகு ஐயம்

கையை உள்ளே நீட்டி “சில்லென்று இருக்கிறது” என்று சொல்வது அளவீடு ஆகாது. கதவைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் காற்று மாறிவிடும். எனவே ஒரு டம்ளர் நீரில் வெப்பமானியை நிறுத்திக் குளிர்பகுதியின் நடுத்தட்டில் இரவு வைத்து, காலையில் கதவைத் திறந்ததும் முதல் வேலையாக அளவைப் பாருங்கள். நீருக்கு வெப்ப ஏற்புத்திறன் அதிகமாதலால் கதவு திறந்த சில நொடிகளில் அது ஏமாற்றாது. 3° அல்லது 4° காட்ட வேண்டும். உறைபகுதிக்கு வெறும் நீர் உதவாது. உறைந்து வெப்பமானியை உடைத்துவிடும். அங்கே இரண்டு ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு நடுவே வெப்பமானியைச் செருகி வையுங்கள். −18° அளவில் இருக்க வேண்டும். இரண்டுக்கும் சாராய வெப்பமானியே ஏற்றது. உணவு இருக்கும் இடத்தில் பாதரசம் வேண்டாம்.

இப்போது தர்க்கத்துக்கு வருவோம். உறைபகுதி −18° காட்டுகிறது, குளிர்பகுதி 14° காட்டுகிறது என்றால், திரவம் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. கேஸின் மேல் ஐயப்படக் காரணமே இல்லை. உறைபகுதியும் −8°, −5° என்று ஏறியிருந்தால் மட்டுமே அந்த ஐயம் நியாயமானது. அப்போதும் அது பல காரணங்களில் ஒன்றே. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இந்தத் திரவம் ஸ்கூட்டருக்குப் பெட்ரோல்போலச் செலவாகித் தீர்ந்துபோவது அன்று. மூடிய குழாய்க்குள் ஆண்டுக்கணக்கில் அதே திரவம்தான் சுற்றி வருகிறது. குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்று பொருள். ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்பித் தருவேன் என்பவரிடம், “ஓட்டை எங்கே?” என்று பணிவாகக் கேளுங்கள். ஐசோபியூட்டேன் பெட்டியில் ஒரு வேடிக்கையும் உண்டு. குளிர்ச்சுருளில் அழுத்தம் காற்றழுத்தத்தைவிடக் குறைவாதலால், கம்ப்ரசர் ஓடும்போது அங்குள்ள ஓட்டை வழியாக வாயு வெளியே வருவதற்குப் பதிலாகக் காற்று உள்ளே புகும்!

ஒரு டம்ளர் பனி

காற்று வராததற்குச் சாதாரணக் காரணம் ஒன்று உண்டு. வலப்புற மேல்தட்டில் பெரிய பாத்திரத்தைச் சாளரத்தை ஒட்டி வைத்திருப்பார்கள். அதை நகர்த்தினாலே நோய் தீரும். விசிறி ஓடுகிறதா என்பதையும் எளிதில் அறியலாம். உறைபகுதிக் கதவைத் திறந்தால் பல பெட்டிகளில் விசிறி நின்றுவிடும். கதவு விளிம்பில் உள்ள பொத்தானை விரலால் அழுத்திப் பிடித்துக் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். உய்யென்ற ஓசை கேட்கிறதா? கேட்காவிட்டால் ஓரிரு நிமிடம் பொறுத்திருந்து மீண்டும் பாருங்கள். பொத்தான் இல்லாத புதிய பெட்டிகளில் கதவிலுள்ள ஒரு சிறு காந்தமே அந்தப் பணியைச் செய்கிறது.

ஆனால் உண்மையான எதிரி பனி. அது எங்கிருந்து வருகிறது? ஒரு கணக்குப் போடுவோம். கடலோர ஊர் ஒன்றில் 30° வெப்பமும் 75 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள நாளில், ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 23 கிராம் நீராவி இருக்கும். −18° காற்றால் ஏறத்தாழ ஒரு கிராமைத்தான் தாங்க முடியும். எஞ்சிய 22 கிராமும் சுருளின் மேல் பனியாகப் படிய வேண்டியதே. இந்தப் பெட்டிகளின் கதவோ ஆள் உயரம். குளிர்ந்த காற்று அடர்த்தி மிக்கது. −18° காற்று 30° காற்றைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் கனமானது. கதவைத் திறந்ததும் அது காலடி வழியாகக் கொட்டிவிட, மேலே வெப்பக்காற்று புகுந்துகொள்கிறது. ஒரு முறை திறக்கும்போது 200 லிட்டர் காற்று மாறுவதாகக் கொள்வோம். 4.4 கிராம் நீர் உள்ளே வருகிறது. நாளொன்றுக்கு இரு கதவுகளையும் சேர்த்து 40 முறை திறந்தால் 176 கிராம். ஏறத்தாழ ஒரு டம்ளர் தண்ணீர்! தினமும் ஒரு டம்ளர் பனி அந்தச் சுருளின் மெல்லிய தகடுகளுக்கு இடையே அடைத்துக்கொண்டால் பத்து நாளில் காற்று எப்படிப் புகும்?

அதனால்தான் பெட்டிக்குள்ளேயே ஒரு மின்சூடேற்றி வைத்திருக்கிறார்கள். குளிர்விக்கும் இயந்திரத்துக்குள் அடுப்பா என்று வியக்காதீர்கள். குறித்த இடைவெளியில் கம்ப்ரசர் ஓய்வெடுக்க, சூடேற்றி சிறிது நேரம் இயங்கிப் பனியை உருக்கும். சுருள் சற்றுச் சூடானதும் ஒரு ஈருலோகத் தகடு வளைந்து மின்சுற்றைத் துண்டிக்கும்; புதிய பெட்டிகளில் ஒரு மின்னணு உணரி இவ்வேலையைச் செய்யும். உருகிய நீர் ஒரு குழாய் வழியாகக் கீழிறங்கி, கம்ப்ரசர் அருகே உள்ள தட்டில் விழுந்து, அதன் சூட்டிலேயே ஆவியாகிவிடும். இந்த ஏற்பாட்டில் சூடேற்றி எரிந்துபோகலாம், ஈருலோகத் தகடு கெடலாம், நேரம் குறிக்கும் மின்பலகை தவறலாம். எது கெட்டாலும் விளைவு ஒன்றே: பனி மலையாகிறது. முதலில் பட்டினி கிடப்பது வலப்புறம். உறைபகுதி சுருளை ஒட்டியே இருப்பதால் சில நாள் தாக்குப்பிடிக்கும். ஐஸ்கிரீம் கல்லாக இருக்கப் பால் திரிந்ததன் இரகசியம் இதுதான்.

இதை உறுதிசெய்ய ஒரு நல்ல சோதனை உண்டு. பெரியவர்களிடம் சொல்லிவிட்டு, உணவுகளை வேறிடம் மாற்றி, பிளக்கைப் பிடுங்கி, இரு கதவுகளையும் திறந்துவைத்து, கீழே பழைய துணிகளைப் பரப்பி ஒரு முழு நாள் விடுங்கள். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் அருகே யாராவது இருக்க வேண்டும். மறுபடி இணைத்தபின் பெட்டி புதிதுபோல் வேலை செய்து, ஒரு வாரம் பத்து நாளில் பழைய குருடியாகிவிட்டால், பனி உருக்கும் ஏற்பாட்டில்தான் கோளாறு. இந்த ஒரு செய்தியை பழுது பார்ப்பவரிடம் சொல்லிப் பாருங்கள்; அவருடைய அரைநாள் வேலை மிச்சமாகும். என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் ஒருவர் வீட்டில், கேஸ் நிரப்ப ஆள் வருவதற்கு முந்திய நாள் இப்படிச் செய்து பார்த்தார்கள். மாற்ற வேண்டியிருந்தது சூடேற்றி ஒன்றுதான்.

பொறுமையிழந்து கத்தியாலோ கரண்டிக் காம்பாலோ பனியைக் குத்தாதீர்கள். சுருளில் துளை விழுந்தால் ஐசோபியூட்டேன் வெளியேறும். அது நம் சமையல் எரிவாயுவின் உறவினர், தீப்பற்றும். பின்பக்கத் தகட்டையும் உள்சுவர்த் தகட்டையும் கழற்றுவது உங்கள் வேலை அன்று. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. சில பெட்டிகளில் மின்தேக்கி, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டத்தை வைத்துக்கொண்டிருக்கும்.

உறைபகுதியின் தரையில் கண்ணாடிபோல் பனித்தகடு படிகிறதா? குளிர்ந்த நீர் வாசலுக்கு ஒழுகுகிறதா? அப்படியானால் பனி சரியாகத்தான் உருகுகிறது. வடிகுழாயின் வாய் அடைத்திருக்கிறது. மேற்சொன்ன ஒரு நாள் ஓய்வே பெரும்பாலும் போதும். குழாயின் வாய் கண்ணுக்குத் தெரியும் பெட்டியாக இருந்தால், பிளக்கைப் பிடுங்கியபின் ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான நீரைச் செலுத்தலாம்.

கதவும் காற்றழுத்தமும்

உறைபகுதிக் கதவை மூடிய மறுகணமே திறக்க முயன்றிருக்கிறீர்களா? வர மறுக்கும். பழுது என்று எண்ணிவிடாதீர்கள். அது கதவு நன்றாக இருப்பதன் அடையாளம். உள்ளே புகுந்த 30° காற்று குளிரும்போது அழுத்தம் குறைகிறது. 303 கெல்வினிலிருந்து 255 கெல்வினுக்கு வந்தால், காற்று சற்றும் கசியாத பெட்டியில் அழுத்தம் 16 விழுக்காடு குறைய வேண்டும். உண்மையில் காற்று சிறிது சிறிதாகக் கசிந்து உள்ளே வருவதால் அவ்வளவு குறையாது. ஒரே ஒரு விழுக்காடு குறைந்தால் என்ன ஆகும்? கதவு 1.7 மீட்டர் உயரம், 0.4 மீட்டர் அகலம் எனில் பரப்பு 0.68 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு 1,000 நியூட்டன் வீதம் 680 நியூட்டன் விசை கதவை உள்ளே அழுத்துகிறது. கைப்பிடி கீலுக்கு எதிர் ஓரத்தில் இருப்பதால் நெம்புகோல் விதிப்படி நமக்கு அதில் பாதி போதும். அதுவே 35 கிலோகிராம் எடையைத் தூக்குவதற்குச் சமம்! ஒரு நிமிடம் பொறுங்கள், தானாக வரும்.

எளிதாகத் திறக்கும் கதவைத்தான் ஐயப்பட வேண்டும். கதவைச் சுற்றியுள்ள ரப்பர் விளிம்புக்குள் காந்தப் பட்டை இருக்கிறது. ஒரு ரூபாய்த் தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பாருங்கள். பிடிமானம் தெரிய வேண்டும். நான்கு பக்கமும் பல இடங்களில் சோதியுங்கள். தளர்ந்த இடத்தில் அழுக்குப் படிந்திருந்தால் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடையுங்கள். வளைந்திருந்தால் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை ஒற்றி நிமிர்த்தலாம். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். கதவு நெடியதும் கனமானதுமாதலால் தரை சமமாக இராவிட்டால் ஒரு கதவு தாழ்ந்து தெரியும். முன்கால் திருகுகளைச் சற்று உயர்த்திப் பெட்டி மயிரிழை பின்னே சாயுமாறு செய்தால் புவியீர்ப்பே கதவை மூடிவிடும்.

இந்தக் காந்தப் பட்டைக்குப் பின்னே ஒரு சோகக்கதை உண்டு. பழைய பெட்டிகளில் தாழ்ப்பாள் இருந்தது, வெளியிலிருந்துதான் திறக்கலாம். கைவிடப்பட்ட பெட்டிகளுக்குள் ஒளிந்து விளையாடிய குழந்தைகள் மூச்சுத்திணறி இறந்தனர். அமெரிக்காவில் 1956ஆம் ஆண்டு, உள்ளேயிருந்தும் தள்ளித் திறக்குமாறு கதவு அமைய வேண்டும் என்று சட்டமே இயற்றினார்கள். இன்றைக்கும் பழைய பெட்டியை வீட்டு வாசலில் போடுகிறவர்கள் முதலில் கதவுகளைக் கழற்றிவிட வேண்டும்.

பெட்டிக்கு வெளியே

இரு பகுதிகளும் சேர்ந்து சூடேறினால் கதை வேறு. இறைத்த வெப்பம் வெளியே கொட்ட வழியில்லாமல் இருக்கலாம். சில பெட்டிகளில் வெளிச்சுருள் அடியில் கம்ப்ரசருக்கு அருகே ஒரு விசிறியுடன் இருக்கும். தரையிலுள்ள தூசியும் முடியும் அதில் கம்பளிபோல் போர்த்திக்கொள்ளும். கோடையில் கம்பளி போர்த்திக்கொண்டு ஓடச் சொன்னால் யாருக்குத்தான் முடியும்? ஆறு மாதத்துக்கு ஒரு முறை பிளக்கைப் பிடுங்கி மென்தூரிகையால் துடைக்க வேண்டும். வேறு பெட்டிகளில் சுருள் பக்கச் சுவர்களுக்குள் இருக்கும். அந்தச் சுவர்கள் சூடாகத்தான் இருக்கும். அவற்றைச் சமையலறைச் சுவரோடு ஒட்டி வைத்தால் மூச்சு முட்டும். இரு கதவுகளுக்கும் நடுவிலுள்ள தூண் வெதுவெதுப்பாக இருப்பதும் பழுது அன்று. அங்கே வியர்க்காமல் இருப்பதற்காகவே சூடான குழாயை அல்லது சிறு சூடேற்றியை வைத்திருக்கிறார்கள்.

‘டிக்’ என்ற ஓசை, சற்றுநேர அமைதி, மீண்டும் ‘டிக்’. இது கம்ப்ரசர் ஓடத் தொடங்க முயன்று தோற்கும் ஓசை. மின்சாரம் போய் உடனே வந்தால், குழாயின் இரு புறமும் அழுத்தம் சமமாவதற்குள் அது எதிர் அழுத்தத்தை வெல்ல வேண்டியிருக்கிறது. மின்னழுத்தமும் குறைவாக இருந்தால் மோட்டார் சுழலாமலே பெருமின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். காப்புச் சாதனம் துண்டித்துவிடும். பிளக்கைப் பிடுங்கி ஐந்து நிமிடம் விட்டு இணையுங்கள். அதன்பின்னும் டிக் டிக் தொடர்ந்தால் பழுது பார்ப்பவரை அழைப்பதே முறை.

இன்சுலினை எங்கே வைப்பது?

திரிந்த பால் போனால் போகட்டும். தாத்தாவின் இன்சுலின்? பிரிக்காத இன்சுலினை 2° முதல் 8° வரையில் வைக்க வேண்டும். உறைந்துவிட்டால் உருகிய பிறகும் அதைப் பயன்படுத்தக் கூடாது. சாதாரணப் பெட்டியைப் பழகியவர்கள் மேல்தட்டின் பின்மூலையைப் பத்திரமான இடம் என்று எண்ணுவார்கள். சைடு பை சைடு பெட்டியில் அதுவே ஆபத்தான இடம்! சாளரம் அங்கேதான் திறக்கிறது. உறைபகுதியிலிருந்து வரும் காற்று நேரே அதன்மேல் வீசும். மடல் திறந்தபடியே சிக்கிக்கொண்டால் தக்காளிகூட அங்கே கல்லாகும். இன்சுலினை ஒரு டப்பாவில் இட்டு நடுத்தட்டில், சாளரத்துக்கு எட்ட வையுங்கள். பக்கத்திலேயே நம் டம்ளர் நீர் வெப்பமானி நிற்கட்டும். அது 2°க்குக் கீழே இறங்கினாலும் 8°ஐத் தாண்டினாலும் வீட்டில் சொல்லுங்கள்.

மின்சாரம் நின்றால்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது சென்னையின் பல பகுதிகளில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. அத்தகைய வேளையில் பெட்டி எவ்வளவு நேரம் தாங்கும்? கதவைத் திறக்காவிட்டால் குளிர்பகுதி நான்கு மணி நேரம், பாதி நிறைந்த உறைபகுதி ஒரு நாள், முழுதும் நிறைந்தது இரண்டு நாள் என்பது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தரும் அளவு. நம் ஊர்க் கோடையில் இதைவிடக் குறைவாகவே எதிர்பார்க்க வேண்டும். நிறைந்த உறைபகுதி ஏன் நெடுநேரம் தாங்குகிறது? ஒரு கிலோகிராம் பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வேண்டும். பத்து கிலோகிராம் பனிக்கட்டி இருந்தால் 3,340 கிலோஜூல். சுவர்கள் வழியே வினாடிக்கு 40 ஜூல் உள்ளே கசிவதாகக் கொண்டால், அவ்வளவும் உருக 23 மணி நேரம் ஆகும். எனவே புயல் எச்சரிக்கை வந்ததுமே காலி இடங்களில் தண்ணீர் பாட்டில்களை முக்கால் அளவு நிரப்பி அடுக்குங்கள். முழுதும் நிரப்பினால் பனி விரிந்து பாட்டில் பிளக்கும். மின்சாரம் போனதும் அவற்றில் ஒன்றைக் குளிர்பகுதியில் இன்சுலின் டப்பா இருக்கும் தட்டுக்கு மேல்தட்டில் மாற்றிவைக்கலாம். டப்பாவைத் தொடுமாறு வைத்துவிடாதீர்கள்.

வெள்ளநீர் பெட்டியின் அடிப்பகுதிவரை ஏறியிருந்தால், நீர் வடிந்து மின்சாரம் வந்துவிட்டதே என்று பிளக்கைச் செருக வேண்டாம். கம்ப்ரசரின் இணைப்புகள் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில்தான் இருக்கின்றன. பழுது பார்ப்பவர் திறந்து உலர்த்திச் சோதித்துச் சொன்ன பிறகே இணைக்கலாம். அதுவரை ஐஸ்பெட்டியும் அக்கம்பக்கத்து வீடுகளின் பெட்டிகளும்தான் துணை.